வாசல் சாய்தளத்துக்கு அனுமதி: எந்தக் கடிதம் முதலில்?

இடம் ஆயர் ஈத்தாம், பினாங்கு. அடுக்குமாடியின் தரைத்தள வீடு. அம்மாவுக்குப் பக்கவாதம், ஓகேயு அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) இருக்கிறது, சக்கர நாற்காலியும் கிடைத்துவிட்டது. சிக்கல் வாசல்தான்.

3 படி, மொத்த உயரம் 18 அங்குலம். 1:12 சரிவுக்கு, அதாவது 1 அடி உயரத்துக்கு 12 அடி வீதம், சாய்தளம் 18 அடி நீளம் வேண்டும். வடிகால் வரை இருப்பதோ 11 அடி. 6 அடி மடக்குப் பலகை போட்டுப் பார்த்தோம். 1:4 சரிவு, இறங்கும்போது பிடித்திருப்பவரையே நாற்காலி இழுக்கிறது. மழையில் கேட்கவே வேண்டாம்.

சாய்தளத்தைச் சுவரோரமாக ‘எல்’ வடிவில் திருப்பினால், திரும்பும் இடத்தில் 5 அடி மேடையோடு சரியாக அமையும். ஆனால் அந்த இடம் அடுக்குமாடியின் பொதுச்சொத்து. மார்ச்சில் வரைபடத்தோடு நிர்வாகக் குழுவுக்கு எழுதினோம். மாநகர் மன்ற ஒப்புதல் கேட்டார்கள். மன்ற முகப்பில் விசாரித்தால் குழுவின் சம்மதக் கடிதம் வேண்டுமாம்.

இப்படிக் கட்டியவர்கள் எந்தக் கடிதத்தை முதலில், என்ன வாசகத்தோடு வாங்கினீர்கள்?