மூளைக் கட்டிக்கு இம்யூனோதெரபி: வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா?

காசிமேட்டுத் தங்கை:
அனைவருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு வயது 46. விசைப்படகில் தொழிலுக்குப் போய்வந்தவர். கரையில் இருக்கும் நாட்களில் வலை பின்னுவார். சென்ற ஆண்டு வலை ஊசி கையில் நிற்காமல் நழுவத் தொடங்கியபோதுதான் எம்.ஆர்.ஐ. எடுத்தோம், கிளியோபிளாஸ்டோமா என்ற வேகமாக வளரும் மூளைப் புற்றுநோய் என்றார்கள். அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு, டெமோசோலோமைடு என்ற புற்றுநோய் மாத்திரை எல்லாம் முடிந்த பிறகு கட்டி மீண்டும் வளர்ந்திருக்கிறது. இப்போது ஒரு தனியார் மையத்தில், உடலின் எதிர்ப்புச் சக்தியையே கட்டியோடு போராட வைக்கும் இம்யூனோதெரபியாக, அவருடைய இரத்தத்திலிருந்தே டென்ட்ரிடிக் செல் தடுப்பூசி தயாரித்துப் போடுவதாகவும், 18 லட்சம் ஆகும் என்றும் சொல்கிறார்கள். அமெரிக்காவில் 5 நாளில் மூளைக் கட்டி கரைந்த செய்தியையும் கைப்பேசியில் காட்டினார்கள். அம்மா பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை செவிலியர்:
நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வுபெற்றவள் நான். பத்திரத்தை மறுபடியும் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள் அம்மா. அவர்கள் காட்டிய செய்தி உண்மையானதுதான்; 2024 மார்ச்சில் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை வெளியிட்டது. ஆனால் அது கார்-டி செல் சிகிச்சை, தடுப்பூசி அல்ல; நோயாளியின் இரத்தத்தில் உள்ள டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களை எடுத்து, கட்டியைத் தாக்கும்படி மாற்றித் திரும்பச் செலுத்துவது. சிகிச்சை பெற்றவர்கள் 3 பேர். 57 வயதுப் பெண்மணி ஒருவருக்கு 5 நாளில் கட்டி ஏறத்தாழ மறைந்தது. பின்னர் அவர் உட்பட இருவருக்குக் கட்டி திரும்பியது. இந்தப் பின்பாதியை உங்களுக்குக் காட்டினார்களா?

பெரிய ஆய்வுகளையும் பாருங்கள். திரும்ப வந்த கிளியோபிளாஸ்டோமாவுக்கு நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை, ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்த பெவாசிசுமாப் மருந்துடன் 369 நோயாளிகளிடம் ஒப்பிட்டார்கள். இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் உயிரோடிருந்த காலம், முன்னதில் 9.8 மாதம், பின்னதில் 10 மாதம். தோல் புற்றுநோயில் பலரைக் காப்பாற்றிய மருந்து மூளையில் எதையும் மாற்றவில்லை.

வியாசர்பாடி ஆய்வாளர்:
செவிலியர் அம்மாவின் மீது மதிப்பு உண்டு. ஆனாலும் இதை ஏற்க முடியவில்லை. இடைநிலை எண்ணை மட்டும் வைத்து ஒரு துறையையே ஒதுக்கிவிடக் கூடாது. இன்று எல்லா மருத்துவமனைகளிலும் கொடுக்கும் டெமோசோலோமைடு 2005ஆம் ஆண்டு ஆய்வில் இடைநிலை ஆயுளை 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாகத்தான் உயர்த்தியது. ஆனால் இரண்டு ஆண்டு உயிரோடிருந்தவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதமானார்கள். அந்த இரண்டரை மாதத்தை அற்பம் என்று தள்ளியிருந்தால் அந்த நோயாளிகளின் கதி என்ன?

டென்ட்ரிடிக் செல் தடுப்பூசியும் வெறும் கதையன்று. 2022இல் வெளியான 331 பேர் ஆய்வில், புதிதாக நோய் கண்டவர்களில் தடுப்பூசி பெற்றோரில் 13 சதவீதத்தினர் 5 ஆண்டு வாழ்ந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் 5.7 சதவீதம். ஸ்டான்ஃபோர்டில் மூளைத்தண்டிலும் தண்டுவடத்திலும் கட்டி வந்த 11 இளையோருக்குக் கார்-டி கொடுத்தபோது ஒருவருக்குக் கட்டி முற்றிலும் மறைந்தது. அந்த நோயில் இது எத்தனை அரிது என்பது அம்மாவுக்கே தெரியும்.

தண்டையார்பேட்டை செவிலியர்:
தம்பி, அந்த 331 பேர் ஆய்வின் ஒப்பீட்டுக் குழு எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள். கட்டி திரும்பியவர்களுக்கெல்லாம் தடுப்பூசி கொடுக்க அனுமதித்ததால், ஆய்வுக்குள்ளேயே ஒப்பிட ஆளில்லாமல், வேறு ஆய்வுகளின் நோயாளிகளோடு ஒப்பிட்டார்கள். அதனால் அந்த 13 சதவீதம் பொய்யாகிவிடாது. ஆனால் 18 லட்சம் கேட்கும் அளவுக்கு உறுதியானதும் அல்ல.

தங்கையிடம் ஒரே ஒரு கேள்வி. அந்த ஆய்வில் தடுப்பூசியைத் தயாரித்தது, அந்தந்த நோயாளியின் அறுவைச் சிகிச்சையில் எடுத்த கட்டித் திசுவைக் கொண்டு. டென்ட்ரிடிக் செல் என்பது எதிரியின் அடையாளத்தை மற்ற செல்களுக்குக் காட்டிக் கொடுக்கும் செல். அந்த அடையாளம் கட்டியிலிருந்துதான் வந்தாக வேண்டும். உங்களிடம் இரத்தம் மட்டும் கேட்கிறார்களா, கட்டித் திசுவையும் கேட்டார்களா?

எண்ணூர் மகன்:
என் அப்பாவும் இதே நோயில்தான் போனார். “இனி ஒன்றும் செய்வதற்கில்லை” என்று சொல்லி அனுப்பினார்கள், நாங்களும் கேட்டுக்கொண்டோம். வீடு இன்னும் இருக்கிறது, அப்பா இல்லை. ஆதாரம் வரும்வரை காத்திருங்கள் என்று சொல்வது எளிது. காத்திருக்க அந்த அண்ணனுக்கு நாள் இல்லை.

வியாசர்பாடி ஆய்வாளர்:
எண்ணூர் அண்ணாவின் வலியோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் செவிலியர் அம்மா கேட்ட கேள்வி சரியான கேள்வி. திசு கேட்காமல் தயாரிக்கும் தடுப்பூசி எதைக் குறிவைக்கிறது என்று அந்த மையம் எழுத்தில் சொல்ல வேண்டும். இது ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவெண் இருக்க வேண்டும். ஆய்வுக்கான செலவை நோயாளியிடம் வாங்கவும் கூடாது.

இருந்தாலும் தேடலை நிறுத்த வேண்டாம். டி.என்.ஏ. பழுதைச் சரிசெய்யும் மரபணு பிறவியிலேயே குறைபட்டிருந்த, உடன்பிறந்த இரு குழந்தைகளின் கிளியோபிளாஸ்டோமா நிவோலுமாபுக்கு நன்றாகக் கட்டுப்பட்டதாக 2016இல் எழுதியிருக்கிறார்கள். அத்தகைய குறைபாடு பெரியவர்களில் மிகச் சிலருக்கே இருக்கும். அண்ணனுக்கு உண்டா என்று பார்க்க அறுவைச் சிகிச்சையில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக் போதும். இன்னொன்று: மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெதாசோன் கொடுக்கிறார்களா? அது டி செல்களையே அடக்கும். அதிக அளவில் அதை எடுத்துக்கொண்டிருப்பவருக்கு எந்த இம்யூனோதெரபியும் ஒரு கையைக் கட்டிவிட்டுச் சண்டைக்கு அனுப்புவது போலத்தான்.

தண்டையார்பேட்டை செவிலியர்:
அந்த மாத்திரையை யாரும் தாமாகக் குறைத்துவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் வீக்கமே உயிருக்கு ஆபத்தாகும். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பிளாக் விஷயத்தில் தம்பி சொல்வதோடு ஒத்துப்போகிறேன். இதை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். எண்ணூர்த் தம்பி, ஒன்றும் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வலிப்புக்கு மருந்து, இயன்முறைப் பயிற்சி, வலி தணிப்புச் சிகிச்சை, இவையெல்லாம் செய்வதுதான். அம்மாவுக்கும் அண்ணனுக்கும் தலைக்குமேல் கூரை இருக்க வேண்டும் என்பதும் அதில் சேரும்.

காசிமேட்டுத் தங்கை:
மையத்துக்குப் போன் செய்தேன். திசு தேவையில்லை, இரத்தம் போதும் என்றார்கள். பதிவெண் கேட்டதற்கு, “இது ஆய்வு இல்லைம்மா, சிகிச்சை” என்றார்கள். எதைக் குறிவைக்கிறது என்று எழுதித் தரக் கேட்டேன்; முன்பணம் கட்டிய பிறகு மருத்துவர் விளக்குவார் என்றார்கள். கட்டவில்லை.

அண்ணனின் மாத்திரை அட்டையைப் பார்த்தேன்: டெக்ஸாமெதாசோன் 4 மி.கி., நாளைக்கு நான்கு வேளை. திங்கட்கிழமை புறநோயாளர் பிரிவில் அதைப் பற்றிக் கேட்டுவிட்டு, நோயியல் துறையில் பிளாக்குக்கு மனு கொடுக்கிறேன். ஆய்வாளர் தம்பி, எந்தப் பரிசோதனை என்று மனுவில் எழுத வேண்டிய பெயரைத் தமிழில் சரியாக எழுதி அனுப்புங்கள். அண்ணன் இப்போது இடது கையால் ஊசி பிடித்துப் பழகுகிறார். நூலை நான் பிடித்துக்கொடுக்க வேண்டியிருப்பதால் பதில் போடக் கொஞ்சம் தாமதமாகும்.