போனிலும் டேப்லெட்டிலும் எந்த பிரவுசர் வேகம்? ஸ்பீடோமீட்டர் எண்ணை நம்பலாமா?

இரவுப்பறவை
இரண்டு வாரமாக மாலை நேரம் முழுக்க இதற்கே போகிறது. ஒரு ஆண்ட்ராய்டு போன், ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட். இரண்டிலும் குரோம், பயர்பாக்ஸ் போட்டு பிரவுசரின் வேகத்தை எண்ணாகச் சொல்லும் ஸ்பீடோமீட்டர் 3 சோதனையை ஓட்டினேன். இரண்டிலுமே குரோம்தான் முந்துகிறது, போனில் நல்ல இடைவெளியோடு. அதனால் சொல்கிறேன், ஆண்ட்ராய்டில் பயர்பாக்ஸைப் பரிந்துரைப்பதை நிறுத்திவிடலாம்.

சோதனை ஒருதலைப்பட்சம் என்று யாரும் சொல்ல முடியாது. 2024 மார்ச்சில் வந்தது. கூகுள், ஆப்பிள், மொசில்லா, மைக்ரோசாஃப்ட் நால்வரும் சேர்ந்து பார்த்துக்கொள்வது. பட்டியலில் வேலைகளைச் சேர்ப்பது, அழிப்பது, வரைபடம் வரைவது, எடிட்டரில் எழுதுவது என்று நாம் அன்றாடம் செய்வதைத்தான் அதுவும் செய்கிறது.

கம்பிவலை
நண்பரே, உழைப்புக்கு வணக்கம். முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. அந்தச் சோதனைப் பக்கத்தில் விளம்பரம் ஒன்றாவது இருந்ததா? நாம் எங்கே போகிறோம் என்று பின்தொடரும் ஸ்கிரிப்ட் நிரல்? பாதி படிக்கும்போது தானாக ஓடும் வீடியோ? நாம் தினமும் திறக்கும் செய்திப் பக்கங்களில் இதெல்லாம் மூட்டை மூட்டையாக வருகிறது. சுமாரான ப்ராசஸர் உள்ள போன் திணறுவதே இந்த ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைப் பிரித்து ஓட்டுவதில்தான்.

ஆண்ட்ராய்டு பயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானை எக்ஸ்டென்ஷனாக, அதாவது கூடுதல் இணைப்பாகப் போடலாம். குரோமின் போன் பதிப்பில் எக்ஸ்டென்ஷனுக்கே இடமில்லை. இறங்காத ஸ்கிரிப்டை ஓட்ட நேரமே ஆகாதே!

இரவுப்பறவை
அப்படியென்றால் நீங்கள் அளப்பது விளம்பரத் தடுப்பானை, பிரவுசரை இல்லை. ஒருவர் தலையில் சுமையை ஏற்றி, இன்னொருவரை வெறுங்கையோடு ஓடவிட்டால் அது பந்தயமா? பிரேவ் என்ற பிரவுசர் இருக்கிறது. பக்கத்தைத் திரையில் வரைவது குரோமின் அதே பிளிங்க் என்ஜின், தடுப்பானும் உள்ளேயே வருகிறது. அதோடு ஒப்பிடுங்கள்.

கம்பிவலை
பிரேவ் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் தொடக்கத்தில் சொன்னது குரோமைப் பற்றி. போனோடு வந்ததை அப்படியே வைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு என்ன சொல்கிறோம் என்பதுதான் என் கவலை.

நிலவொளி
நான் ஐபேட் வைத்திருப்பவள். எங்கள் பக்கம் இந்தச் சண்டைக்கே இடமில்லை. பெயர் குரோமாக இருந்தாலும் பயர்பாக்ஸாக இருந்தாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் வெப்கிட்தான், ஆப்பிளின் விதி அப்படி. ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டும் 2024ல் புதுச் சட்டத்தால் வேறு என்ஜினுக்கு வழி திறந்தார்கள்.

அதைவிட முக்கியமாக ஒன்று கேட்கிறேன். போனிலும் டேப்லெட்டிலும் திறந்தது ஒரே பக்கம்தானா? 2019ல் ஐபேட்ஓஎஸ் 13 வந்ததிலிருந்து சஃபாரி தன்னை மேக் கணினி என்றே தளத்துக்குச் சொல்லிக்கொள்கிறது. அதனால் வருவது கணினிக்கான பதிப்பு. பல தளங்களில் அது பெரிய படங்கள், கூடுதல் பத்திகள் என்று கனமாக இருக்கும். நான் அடிக்கடி படிக்கும் தளம் ஒன்று ஐபேடில் இழுத்து இழுத்துத்தான் நகரும், போனில் வழுக்கிக்கொண்டு போகும். டேப்லெட் பழசாகிவிட்டது என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் முகவரிப் பட்டையின் மெனுவில் மொபைல் பதிப்பைக் கேட்டுப் பார்த்தேன். அதே ஐபேடில் அதே தளம் தடையில்லாமல் நகர்ந்தது.

திரையையும் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு காட்சி மாற 16.7 மில்லி விநாடி, 120ல் 8.3. போன் 120, டேப்லெட் 60 என்றால், பிரவுசர் ஒன்றாகவே இருந்தாலும் கண்ணுக்குப் போன்தான் வேகமாகத் தெரியும்.

எழுத்தாணி
அண்ணா, அக்கா, எல்லோரும் நொடிக்கணக்கில் பேசுகிறீர்கள். நான் முழுசாக ஒரு மணி நேரத்தைத் தொலைத்ததைச் சொல்கிறேன்.

அம்மாவுக்காக ஒரு விண்ணப்பம். மூன்று பக்கம். 3 ஜிபி ராம் உள்ள போனில், சின்ன விசைப்பலகையில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். கடைசிக் கட்டம் புகைப்படம். பொத்தானைத் தொட்டதும் கேமரா திறந்தது. அம்மாவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து எடுத்து, சரி என்று அழுத்தினேன். திரும்பி வந்தால் வெள்ளைத் திரை. ஒரு வட்டம் சுற்றியது. பிறகு முதல் பக்கம், எல்லாக் கட்டமும் காலி. குரோமில் ஒரு தடவை, பயர்பாக்ஸில் ஒரு தடவை, இரண்டிலும் இதே கதி. அப்புறம் மாமாவின் 8 ஜிபி டேப்லெட்டில் செய்தேன், முதல் முயற்சியிலேயே போய்விட்டது.

இதை எந்தச் சோதனை அளக்கிறது?

கம்பிவலை
எந்தச் சோதனையும் இல்லை தம்பி. கேமராவுக்கு நினைவகம் நிறைய வேண்டும். இடம் போதாவிட்டால் பின்னணியில் இருப்பதை ஆண்ட்ராய்டு கொன்றுவிடும். அந்த நேரத்தில் பின்னணியில் இருப்பது உன் பிரவுசர். திரும்பி வரும்போது தாவலை முதலிலிருந்து ஏற்றுகிறது.

இரவுப்பறவை
இது போனின் குறை. பிரவுசர் என்ன செய்யும்?

எழுத்தாணி
அம்மா மறுபடியும் ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தார்கள் அண்ணா. யார் குறை என்று அவர்களுக்கு எப்படிச் சொல்ல?

நிலவொளி
இதில் தளத்தை எழுதியவர்களுக்கும் பங்கு உண்டு. தட்டியதை அவ்வப்போது பிரவுசரிலேயே வரைவாகச் சேமித்து வைக்க நாலைந்து வரி நிரல் போதும். பெரிய போனில் மட்டும் சோதித்துப் பார்ப்பவர்களுக்கு அது தோன்றுவதே இல்லை. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் வருகிறது.

இரவுப்பறவை, உங்களிடம் இன்னொரு கேள்வி. சோதனையை எந்த வரிசையில் ஓட்டினீர்கள்?

இரவுப்பறவை
எப்போதும் குரோம் முதலில், உடனே பயர்பாக்ஸ்.

நிலவொளி
நடுவில் போனை ஆறவிட்டீர்களா?

இரவுப்பறவை
இல்லை. நேற்று இரவு இதற்காகவே மறுபடி உட்கார்ந்தேன். உறையைக் கழற்றிவிட்டு, குரோமை மட்டும் ஐந்து முறை தொடர்ந்து ஓட்டினேன். மூன்றாவது முறையிலேயே போனின் முதுகு, கேமராவுக்குக் கீழே, நன்றாகச் சுட்டது. ஐந்தாவது முறை மதிப்பெண் கண்கூடாக இறங்கியிருந்தது. சூடானால் ப்ராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. டேப்லெட்டின் உடல் பெரிது, சூடு பரவிவிடுகிறது, அங்கே எண் அவ்வளவாக நகரவில்லை.

ஆக, போனில் பயர்பாக்ஸ் ஒவ்வொரு முறையும் சூடான போனில்தான் ஓடியிருக்கிறது. இன்று காலை போனை ஆறவிட்டு, வரிசையை மாற்றி ஓட்டினேன். குரோம்தான் இப்போதும் முன்னால், ஆனால் இடைவெளி பாதியாகச் சுருங்கிவிட்டது. பரிந்துரையை நிறுத்தலாம் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். என்ஜின் வேகத்தில் குரோம் முந்துகிறது என்பதில் மட்டும் மாற்றமில்லை.

கம்பிவலை
நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. நான் தடுப்பான் பக்கம்தான். நாளைக்கு அதே போனில், விளம்பரம் நிறைந்த பக்கம் ஒன்றை பிரேவிலும் யூபிளாக் போட்ட பயர்பாக்ஸிலும் திறந்து பாருங்கள். அதில் பேசிக்கொள்வோம்.

எழுத்தாணி
சரி, அந்த 3 ஜிபி போனை அம்மாதான் வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் இன்னொரு விண்ணப்பம் வருகிறது. எதைப் போட்டுத் தரட்டும்?

இரவுப்பறவை
தம்பி, இருக்கும் பிரவுசரே போதும், மற்ற தாவல்களை மட்டும் மூடிவிடு. படத்தை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டுக் கேமராவை மூடு. அப்புறம் படிவத்தைத் திற. புகைப்படம் கேட்கும்போது கேமராவைத் தொடாமல், எடுத்து வைத்த படத்தைக் கோப்பிலிருந்து தேர்ந்தெடு. அந்தத் தேர்வுத் திரைக்கு கேமரா அளவு நினைவகம் வேண்டாம், பிரவுசர் தப்பிக்க வாய்ப்பு அதிகம். நீளமான பதில் ஏதாவது இருந்தால் குறிப்புச் செயலியில் எழுதி வைத்து ஒட்டு.