பிஸ்கட் டப்பாவில் ஊட்டி

குழு: தாத்தா வீடு

அப்பா: வெள்ளிக்கிழமை சாவி கொடுக்க வேண்டும். பரணில் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே 23 பழைய போஸ்ட் கார்டு, எல்லாம் ஊட்டி பொட்டானிக்கல் கார்டன். பழைய பேப்பர்காரர் மொத்தமாக 2000 தருகிறாராம்.

கோவை அத்தை: கொடுக்காதே!!!

பெரியப்பா: புல்வெளிப் படத்தில் சிவப்புத் தலைப்பாகையோடு நிற்பவர் நம் தாத்தா. எங்கள் அப்பாவே என்னிடம் காட்டியிருக்கிறார்.

அப்பா: (படம்)

திருச்சி அண்ணன்: முகமே தெரியவில்லையே

பெரியப்பா: நிற்கிற தோரணை போதும்.

அண்ணி: அந்தப் பெரிய உருளி இப்போது யார் வீட்டில்?

கோவை அத்தை: ஆரம்பித்தாயிற்று

குன்னூர் சித்தப்பா: பொறுங்கள். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். விலாசத்துக்கு மட்டும்தான் இடம், நடுவில் கோடு கிடையாது. கோடு போட்டு இடது பக்கம் சேதி, வலது பக்கம் விலாசம் என்று முதலில் அனுமதித்தது பிரிட்டன், 1902இல். மற்ற நாடுகள் அடுத்த சில வருடங்களில் மாறின. அதுவரை படத்தின் ஓரத்தில்தான் சேதி எழுத வேண்டும். கீழே வெள்ளைப் பட்டை விட்டிருப்பது அதற்குத்தான். எவ்வளவு தள்ளினாலும் இந்த அட்டை 1910ஐத் தாண்டாது. தாத்தா அங்கே தோட்டக்காரராகச் சேர்ந்தது 1921.

திருச்சி அண்ணன்: 😬

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

குன்னூர் சித்தப்பா: தலைப்பாகை நிறத்தையும் நம்ப வேண்டாம். எடுத்தது கருப்பு வெள்ளைப் படம். அந்தக் காலத்து வண்ண அட்டைகள் ஏராளமாக ஜெர்மனியில் அச்சானவை. ஊட்டியைக் கண்ணால் பார்க்காதவன் இஷ்டத்துக்குப் பூசிய சிவப்பாகக்கூட இருக்கலாம்.

கோவை அத்தை: தோட்டம் போட்ட வெள்ளைக்காரர் பெயர் என்ன? பேத்தி பள்ளிக்குக் கேட்கிறாள்

குன்னூர் சித்தப்பா: மெக்கைவர். 1848இல் தொடங்கினார். நீலகிரியில் மலேரியா மருந்துக்காக சிங்கோனா வளர்த்ததும் அவர்தான். தோட்டம் 55 ஏக்கர், தொட்டபெட்டா சரிவில். மேலே தோடர் பழங்குடியினரின் மந்து, அதாவது குடியிருப்பு, ஒன்று

கோவை அத்தை: பெயர் மட்டும்தான் கேட்டேன்பா

நான்: மலர்க் கண்காட்சிக்குப் போனபோது பாட்டி என்னைத் தொலைத்தது அங்கேதானே?

அண்ணி: தொலைத்தது உங்கள் அப்பா. பழி பாட்டி மேல்

அப்பா: குளத்துப் படத்தின் பின்னால் அம்மா பால் கணக்கு எழுதியிருக்கிறார். 14ஆம் தேதி பால் இல்லை, 15 அரைப்படி...

கோவை அத்தை: அது எனக்கு

திருச்சி அண்ணன்: ஸ்கேன் செய்து எல்லோருக்கும் அனுப்பலாமே

குன்னூர் சித்தப்பா: செய்யலாம். ஆனால் டேப் ஒட்டக் கூடாது, லேமினேஷன் கூடவே கூடாது, கறை

பெரியப்பா: தலைப்பாகை அட்டை எனக்கு வேண்டும்.

குன்னூர் சித்தப்பா: அண்ணா, அது தாத்தா இல்லை என்றேனே

பெரியப்பா: படித்தேன். எடுத்து வை.

அப்பா: பேப்பர்காரர் வாசலில் நிற்கிறார். மீதி 21 என்ன செய்ய? சீக்கிரம் சொல்லுங்கள்

அண்ணி: உருளிக்கு இன்னும் பதில் வரவில்லை