5.12.1998 மல்லாவிப் (வன்னி) பிறப்பு: சூரியனுக்கு மூன்று இராசி, லக்கினம் (பிறந்த நேரம் கிழக்கில் உதிக்கும் இராசி) இரண்டு. எது சரி?

துணுக்காய்:
பிறந்த நேரம் காலை 7.20. ஆங்கிலப் பத்திரிகைக் கணக்கில் சூரியன் தனுசு, பஞ்சாங்கத்தில் விருச்சிகம், கைபேசி வான வரைபடத்தில் ஒபியூகஸ் என்ற விண்மீன் கூட்டம். கையெழுத்துச் சாதகக் குறிப்பில் லக்கினம் தனுசு, சோதிடச் செயலியில் விருச்சிகம். கலியாணப் பொருத்தம் பார்க்க முதல் தெளிவு வேணும்.

குளக்கட்டு:
சூரியன் விசயத்தில் மூன்றும் சரிதான், அளவுகோல்தான் வேற. சூரியன் போற பாதையை 30 பாகைப்படி 12 ஆகப் பிரித்தவர்கள் பாபிலோனியர், கி.மு. 5ஆம் நூற்றாண்டளவில். கிரேக்கர் வழியாக அது இந்தியாவுக்கு வந்து 27 நட்சத்திரக் கணக்கோடு சேர்ந்தது. மேற்கத்தையர் மார்ச் சமஇரவுப் புள்ளியை (பகலும் இரவும் சமமாகும் நாளில் சூரியன் நிற்கும் இடம்) மேடத்தின் தொடக்கமாக வைக்கினம். பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதால் அந்தப் புள்ளி 72 ஆண்டுக்கு ஒரு பாகை பின்வாங்கும். எங்கட பஞ்சாங்கம் நட்சத்திரங்களிலிருந்து அளக்கும். இந்த இடைவெளிதான் அயனாம்சம். 1998இல் லகிரி என்ற அயனாம்சக் கணக்கில் ஏறக்குறைய 23 பாகை 50 கலை (60 கலை ஒரு பாகை). அன்றைய சூரியன் மேற்கத்தைய தனுசு 13 பாகை. கழித்தால் விருச்சிகம் 19.

ஒபியூகஸ் என்பது 1930இல் சர்வதேச வானியல் ஒன்றியம் வகுத்த எல்லைப்படி. அவை சமபங்கு இல்லை: விருச்சிகத்தில் சூரியன் ஒரு கிழமை, கன்னியில் ஒன்றரை மாதம். சோதிடத்துக்கு அந்த எல்லை உதவாது. பொருத்தத்துக்குச் சந்திரன் நின்ற இராசியும் நட்சத்திரமும்தான் வேணும்.

மே கடைசியில் இரவு 9 மணிக்கு இரணைமடுக் குளக்கட்டில் தெற்கே பாருங்கோ. உச்சிக்குக் கிட்ட வெண்ணீலமாகச் சித்திரை நட்சத்திரம், தென்கிழக்கில் செந்நிறமாகக் கேட்டை நட்சத்திரம். சித்திரையை 180 பாகையில் வைத்துத்தான் லகிரி கணக்கு எழுந்தது.

நாழிகை:
லக்கினச் சிக்கலுக்குக் காரணம் நேரம். இலங்கை 25.5.1996இல் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, ஒக்டோபரில் அரை மணி குறைத்து, 15.4.2006இல்தான் கிரீன்விச்சுக்கு 5.30 மணி முந்திய பழைய நேரத்துக்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிப் பகுதி அதை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தது. செயலி தானாகவே நேர வலயத்தை 6.00 என்று போடும். அரை மணிக்கு லக்கினம் 7 பாகையளவு நகரும். இராசி எல்லையில் அது போதும்.

குறிப்பில் உதயாதி நாழிகையைப் (சூரிய உதயத்திலிருந்து பிறப்பு வரை சென்ற நேரம்; ஒரு நாழிகை 24 நிமிடம்) பாருங்கோ. அன்று மல்லாவியில் சூரிய உதயம் பழைய நேரப்படி 6.11. உதயாதி 3 நாழிகைக்குச் சற்றுக் குறைவென்றால் எழுதினவர் பழைய நேரம் எடுத்திருக்கிறார். ஒன்றரைக்குச் சற்று மேலென்றால் அரை மணி கழித்திருக்கிறார்.

துணுக்காய்:
2 நாழிகை 52 விநாடி (60 விநாடி ஒரு நாழிகை).

நாழிகை:
அப்ப பழைய நேரம்தான். செயலியில் நேர வலயத்தைக் கையால் 5.30 ஆக்குங்கோ, தனுசு 4 பாகையளவில் வரும். 7.20இல் அரை மணி கழிக்கவே வேண்டாம், பலர் செய்யும் பிழை அதுதான். பொருத்தம் பார்க்கும் மற்றப் பக்கக் குறிப்பு வாக்கியப் பஞ்சாங்கப்படியா (பழைய வாய்பாட்டுக் கணக்கு) திருக்கணிதப்படியா (திருத்திய கணக்கு) என்றும் கேளுங்கோ. இரண்டையும் கலந்தால் நட்சத்திரப் பாதமே (நட்சத்திரத்தின் கால் பங்கு) மாறக்கூடும்.