பணஜி ஃபோன்டைன்ஹாஸ் போய் வந்தவங்க இருக்கீங்களா?

அடுத்த மாசம் அம்மாவைக் கூட்டிட்டு கோவா போறோம். பீச் எல்லாம் அவங்களுக்கு ஒத்து வராது. பணஜியில இருக்கிற பழைய போர்ச்சுகீசியக் குடியிருப்பு ஃபோன்டைன்ஹாஸ்ல ஒரு காலைப் பொழுது சும்மா நடக்கணும். மஞ்சளும் நீலமுமா சுவர், வாசல்ல பேர் எழுதின பளபளப்பு ஓடு, சிப்பி பதிச்ச ஜன்னல்... அம்மாவுக்கு முக்கியம் செபாஸ்டியன் சிற்றாலயத்துச் சிலுவைதான். வழக்கமா தலை சாய்ஞ்சிருக்கிற இயேசு, அங்க நிமிர்ந்து கண்ணைத் திறந்தபடி இருப்பார். ஓல்ட் கோவா ஊர்ல, போர்ச்சுகீசியர் காலத்துல கிறிஸ்தவ மதத்துக்கு மாறா நடந்ததா சொல்லி ஆட்களை விசாரிச்ச மத விசாரணை (இன்க்விசிஷன்) மாளிகையில இருந்த சிலுவை அது.

சிற்றாலயம் எப்போ திறந்திருக்கும்? முழங்கால் வலியோட நடக்க முடியுமா, படி நிறையவா? காரை ஊரேம் ஓடைப் பக்கம் விடலாமா?

இன்னொண்ணு, எல்லாம் ஆட்கள் குடியிருக்கிற வீடு. போன வருஷம் வேற ஊர்ல யாரோ வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து போட்டோ எடுத்து, பாட்டிகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். அதனால கேமரா விஷயத்தையும் சொல்லுங்க.