வீட்டோடு ஒட்டின கராஜ்: விண்டரில் கார் கழுவி வாக்ஸ் பூச எந்த ஹீற்றர்?

வடலி

வணக்கம். கனடா, பிராம்ப்டனில் வீட்டோடு ஒட்டின இரட்டைக் கார் கராஜ். உள்ளளவு 20க்கு 20 அடி, உயரம் 9 அடி. கதவு 16க்கு 7, ஒற்றைத் தகரம், உள்ளே ஒன்றும் ஒட்டவில்லை. வீட்டுப் பக்கச் சுவர்களும் மேலே இருக்கிற அறையின் அடிப்பக்கமும் இன்சுலேஷனோடு மூடியிருக்கு. இடப்பக்கச் சுவரும் கதவு இருக்கிற முன்சுவரும்தான் வெளிச்சுவர். அவை 2க்கு 4 ஸ்டட் (மரச் சட்டம்), வெளியே செங்கல், உள்ளே வெறுமை. தரையில் வடிகால் இல்லை.

சனி ஞாயிறில் உள்ளே 10, 12 பாகை வந்தால் காணும். காரின் உப்பைக் கழுவி, வாக்ஸ் பூசி, உள்ளே வக்யூம் பண்ண வேணும். இப்ப இருக்கிறது 1,500 வாட் சின்ன ஹீற்றர், வெளியே -10 என்றால் அதால ஒரு பிரயோசனமும் இல்லை. கேள்விகள்:

எவ்வளவு பெரிய ஹீற்றர் வேணும்? கரண்டோ காஸோ? புரோப்பேன் சிலிண்டரில் ஓடுறது மலிவு என்று சிலர் சொல்லுகினம், பாவிக்கலாமோ? கராஜ் சூடாக இருந்தால் கார் கெதியாகத் துருப்பிடிக்கும் என்கிறதும் உண்மையோ?

ஆர்_பெறுமதி

ஹீற்றர் வாங்க முதல் வெப்பம் எந்த வழியால போகுது என்று பாருங்கோ. வெளியே -10, உள்ளே 12, வித்தியாசம் 22 பாகை, பாரன்ஹைட்டில் 40. பரப்பளவை அந்த 40ஆல் பெருக்கி, வெப்பத்தை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லுகிற ஆர் பெறுமதியால் பிரித்தால் மணிக்கு எத்தனை பி.டி.யு. (வெப்ப அலகு) போகுது என்று வரும்.

உங்கட கதவு 112 சதுர அடி. வெறும் தகரத்துக்கு ஆர்-1 என்று வைத்தால் 4,500. வெளிச்சுவர் ஏறக்குறைய 250 சதுர அடி, வெறும் ஸ்டட்டும் செங்கல்லும் சேர்ந்து ஆர்-3, அது 3,300. கொங்கிறீற் தரையின் வெளி விளிம்பால் 1,200 அளவு. மிச்சம் காற்று: 3,600 கன அடிக் காற்று மணிக்கு மூன்று தரம் மாறுது என்றால் 7,800. கதவின் கீழும் பக்கமும் வெளிச்சம் தெரிகிற கராஜுக்கு மூன்று தரம் அதிகமில்லை. கூட்டினால் 16,800. 1,500 வாட் ஹீற்றர் தருவது 5,100 மட்டும். அதுதான் பிரயோசனமில்லாமல் கிடக்குது.

இப்ப கதவுக்கு ஒன்றரை அங்குல வெள்ளை ஃபோம், சுவருக்கு ஆர்-12 பற்ஸ் (ஸ்டட்டுக்கு நடுவில் வைக்கிற இன்சுலேஷன் பஞ்சு), காற்று மாறுவது மணிக்கு ஒரு தரம் என்று மாற்றிப் பாருங்கோ. கதவு 1,000 (இடையில் தகரச் சட்டம் குளிரைக் கடத்தும், அதால கணக்கை விடக் கொஞ்சம் கூட்டினேன்), சுவர் 850, தரை அதே 1,200, காற்று 2,600. மொத்தம் 5,700க்குள் நிற்கும். -20இலும் 8,200தான்.

பெரிய திருடன் காற்று, அதை அடைக்கிற செலவுதான் ஆகக் குறைவு. கதவின் அடி றப்பர், பக்கத்தில் வினைல் நாக்கு வைத்த சட்டம், தரையில் ஒட்டுகிற அரை அங்குல றப்பர் வரம்பு, இந்த மூன்றும் போதும். தரை வரம்பின் பசை குளிரில் பிடிக்காது, ஒக்டோபரில் ஒட்டுங்கோ. சுவரின் அடிமரத்துக்கும் கொங்கிறீற்றுக்கும் நடுவில் இருக்கிற நீக்கலை ஸ்பிரே ஃபோமால் அடைக்கலாம். ஆனால் வெளியே செங்கல் அடிவரிசையில் விட்டிருக்கிற சின்ன ஓட்டைகளைத் தொடாதேங்கோ, அது சுவருக்குள் வருகிற தண்ணி வெளியேற விட்டது.

பற்ஸுக்கு மேல், சூடான பக்கத்தில், 6 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு) பொலித்தீன், அதுக்கு மேல் ஜிப்சம் போர்ட். சுவரில் ஃபோம் போர்ட் போடுகிற எண்ணம் இருந்தால் அதையும் ஜிப்சத்தால் மூட வேணும். வெறுமனே விட்டால் நெருப்புக்கு நல்ல தீனி.

ஹீற்றர்: 240 வோல்ட், 5,000 வாட். 17,000 பி.டி.யு. தரும். 5,700 இழப்புக்குப் போக மிச்சம் 11,000 காரையும் சாமானையும் சூடாக்க இருக்கும். விண்டர் முழுக்கத் தெர்மோஸ்டாற்றை 5இல் விட்டு, வேலை நாளில் மட்டும் 12க்கு ஏற்றுங்கோ.

மூணாவது_வயர்

5,000 வாட் என்றால் 20.8 ஆம்ப். தொடர்ந்து ஓடும் லோடு என்பதால் பிரேக்கரின் 80 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். எனவே 30 ஆம்ப் இரட்டைப் பிரேக்கர், 10 கேஜ் செம்பு வயர். 7,500 வாட் மாடலுக்குப் போனால் 40 ஆம்ப், 8 கேஜ் ஆகிவிடும். இந்த கராஜுக்கு அது தேவையே இல்லை. ஒன்டாரியோவில் புது சர்க்யூட் இழுத்தால் மின்பாதுகாப்பு ஆணையமான இ.எஸ்.ஏ.வுக்கு அறிவிப்பு கொடுத்து ஆய்வு வாங்க வேண்டும். ஆள் வைத்துச் செய்தால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர்தான், கைவேலைக்காரர் அல்ல. பேனல் 100 ஆம்ப்பா 200ஆ, ட்ரையர், அடுப்பு, ஏசி எல்லாம் எவ்வளவு இழுக்கின்றன என்ற கணக்கைப் போட்ட பிறகுதான் பிரேக்கர். காலியாக இரண்டு இடம் இருக்கிறது என்பது மட்டும் பதில் ஆகாது.

இப்போது இருக்கும் 1,500 வாட் ஹீட்டர் 120 வோல்ட்டில் 12.5 ஆம்ப் இழுக்கும். அதே 15 ஆம்ப் லைனில் வக்யூமும் ஓடினால் பிரேக்கர் விழும். எக்ஸ்டென்ஷன் வயரில் ஹீட்டரைச் சொருகவே வேண்டாம், பிளக் முனை கருகும்.

மாட்டும் இடம்: கூரையின் மூலையில், காரின் மேல் நேராக ஊதாமல் குறுக்காக. சூடான காற்று பானட்டில் நேராக அடித்தால் அந்த இடத்தில் மட்டும் வாக்ஸ் முன்னதாகக் காயும், தரைத் தூசியும் பெயின்ட்டில் வந்து உட்காரும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். பொறியோ சுடரோ உள்ள எந்தக் கருவியும் தரையிலிருந்து குறைந்தது 18 அங்குலம் மேலே இருக்க வேண்டும். தரையில் வைக்கும் ஹீட்டர்களை நான் கராஜுக்குச் சொல்வதில்லை.

காஸ் நல்லதுதான், ஆனால் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 30,000, 45,000 பி.டி.யு. இன்சுலேஷன் போட்ட பின் உங்கள் இழப்பு 5,700. 45,000 ஹீட்டர் சில நிமிடம் எரிந்து அணைந்து, மறுபடி எரிந்து அணையும். இருந்தே ஆக வேண்டும் என்றால் 30,000, எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து குழாயில் இழுக்கும் மூடிய வகை, காஸ் பாதுகாப்பைக் கவனிக்கும் ஆணையமான டி.எஸ்.எஸ்.ஏ.வின் சான்று உள்ள காஸ் டெக்னீஷியன் கையால். வார இறுதிக்கு மட்டும் என்றால் அந்தச் செலவு திரும்பி வராது.

புரோப்பேன் வேண்டாம். கார்பன் மோனாக்சைடு முதல் காரணம். ஒட்டிய கராஜில் அது வீட்டுக்குள் கசியும். இரண்டாவது காரணம் பலருக்குத் தோன்றுவதில்லை: 1 கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக வரும். 30,000 பி.டி.யு. ஹீட்டர் மணிக்கு 0.6 கிலோவுக்கு மேல் எரிக்கும், அதாவது மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீரைக் காரைச் சுற்றித் தெளிப்பதற்குச் சமம். சிலிண்டரையும் கராஜுக்குள் வைக்கக் கூடாது.

இன்னொன்று. வீட்டு ஃபர்னஸின் டக்டில் ஓட்டை போட்டு கராஜுக்கு வெப்பம் திருப்பலாமா என்று யாராவது கேட்பார்கள். கூடாது, கட்டட விதி தடுக்கிறது. கராஜ் புகை அதே டக்டில் படுக்கையறைக்குப் போகும்.

உப்புக்கரை

துரு கேள்விக்கு வருகிறேன். இதில் ஆர்_பெறுமதி அண்ணாவோடு ஒத்துப்போக முடியவில்லை. தினமும் ரோட்டில் ஓடும் காருக்கு, விண்டர் முழுக்க 5 டிகிரி என்பதுதான் இருப்பதிலேயே மோசமான வெப்பநிலை. -10இல் காரின் அடியில் ஒட்டியிருக்கும் பனியும் உப்பும் பெரும்பாலும் உறைந்து கிடக்கும், அரிப்பு மெதுவாக நடக்கும். 5இல் அது உருகி, மடிப்புக்குள் ஊறி, தரையில் தேங்கி, ஈரம் முழுக்க உள்ளேயே சுற்றும். ரோட்டில் கால்சியம் குளோரைடு கலந்து தெளித்திருந்தால் இன்னும் சிக்கல், அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு காயவே காயாது. ஒன்று குளிராக விடுங்கள், அல்லது கழுவிச் சூடாக்கி முழுக்கக் காய வையுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் காசு போட்டுக் கழுவும் இடத்துக்குப் போய் அழுத்தத் தண்ணீரில் வீல் வளைவு, கதவின் அடி, வண்டியின் அடிப்பக்கம் எல்லாம் அடித்துவிடுங்கள். கட்டி உப்பும் பனிச் சேறும் அங்கேயே போகட்டும். 20 கிலோ பனியோடு கராஜுக்கு வந்தால் அதை உருக்க மட்டும் ஏறக்குறைய 2 யூனிட் கரன்ட் போகும், தண்ணீரும் உங்கள் தரையில். சோப்புத் தண்ணீரை டிரைவ்வேயில் தள்ளி மழைநீர் வடிகாலுக்கு விடுவதும் பல நகரங்களில் பைலாவுக்கு எதிரானது.

வீட்டில் ரின்ஸ் தேவையில்லாத ஷாம்பூ. பொதுவாக 8 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 30 மி.லி., பாட்டிலில் வேறு அளவு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். எட்டு மைக்ரோஃபைபர் துணி, ஒரு பேனலுக்கு ஒரு பக்கம், திருப்பி மடித்து அடுத்தது. கூரையில் தொடங்கிக் கீழே. கதவின் கீழ் மூன்றில் ஒரு பங்கையும் பின் பம்பரையும் கடைசிக்கு விட்டு, அதே கரைசலை முன்கூட்டியே ஸ்ப்ரே செய்து சில நிமிடம் ஊற விடுங்கள். அங்கே அவசரப்பட்டுத் துடைத்தால்தான் வட்டக் கீறல் விழும். தரைக்கு விளிம்பு உயர்ந்த பாய் விரித்தால் வடிவதை வெட் வக்யூமால் உறிஞ்சிவிடலாம். பேப்பர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு உறிஞ்சுங்கள்.

வாக்ஸுக்கு முன் காற்றின் வெப்பநிலையைப் பார்க்காதீர்கள், தகரத்தைப் பாருங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் மலிவு. உள்ளே 12 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் பனிப்புள்ளி, அதாவது காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 4.5. ஈரப்பதம் 85 ஆனால் பனிப்புள்ளி 9.6, அப்போது 9 டிகிரியில் இருக்கும் பானட் வியர்க்கும், அதன் மேல் பூசிய வாக்ஸ் மங்கலாகும். ஈரத்தை வெளியேற்ற டிஹியூமிடிஃபையர் தேடத் தேவையில்லை. சாதாரண கம்ப்ரஸர் வகை இந்தக் குளிரில் தானே ஐஸ் கட்டி நின்றுவிடும். பெரிய கதவை இரண்டு மூன்று நிமிடம் முழுக்கத் திறந்து மூடுங்கள். -10 காற்றில் ஈரம் மிகக் குறைவு. 100 கன மீட்டர் காற்றை மறுபடி சூடாக்க முக்கால் யூனிட் ஆகும், அதற்கு 700 மி.லி. அளவு தண்ணீர் ஆவி வெளியே போயிருக்கும். கழுவி முடித்ததும் ஒரு தடவை, ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை.

செராமிக் கோட்டிங்கை மே மாதத்துக்கு விடுங்கள். 10 டிகிரியில் அது இறுகுவதற்குள் நீங்கள் மறுபடி உப்பு ரோட்டில் இருப்பீர்கள்.

வடலி

பெரிய உதவி. பனல் 100 ஆம்ப், கரண்ட் அடுப்பும் ட்ரையரும் இருக்கு. மின்சாரக் கார் இல்லை. லோட் கணக்கை ஆளைக் கூப்பிட்டுப் போடுறன். இரண்டு விஷயம் விளங்கவில்லை: கதவுக்கு ஃபோம் ஒட்டினால் பாரம் கூடி மோட்டர் இழுக்குமோ? சனிக்கிழமை வேலை என்றால் எப்ப ஹீற்றரைப் போட வேணும்?

ஆர்_பெறுமதி

உப்புக்கரை சொன்னது சரிதான், ஓடுகிற காருக்கு 5 வேண்டாம். விண்டருக்கு மூடி நிறுத்தி வைத்த, கழுவிக் காய்ந்த காருக்கு மட்டும் என் கணக்கு பொருந்தும். ஷாம்பூ, பொலிஷ் எல்லாத்தையும் பேஸ்மென்றுக்குக் கொண்டு போங்கோ, உறைந்தால் பிரிஞ்சு போகும்.

நேரம்: 1,700 கிலோ காரை -10இலிருந்து 10க்குக் கொண்டுவர ஏறக்குறைய 5 யூனிட், அதாவது 5,000 வாட் ஹீற்றரின் ஒரு மணித்தியாலம் முழுக்கக் காருக்கே போகும். சுவரும் இழப்பும் சேர்த்தால் மூன்று, நாலு மணித்தியாலம் முதல் போட வேணும். தரையைச் சூடாக்க நினைக்காதேங்கோ: 4 அங்குலக் கொங்கிறீற், 400 சதுர அடி, ஒரு பாகை ஏற்றவே 2 யூனிட். அது நாள் முழுக்கக் குளிராகத்தான் இருக்கும், காலுக்கு றப்பர் பாய் போடுங்கோ. ஹைட்ரோ (கரண்ட்) பில்லில் நேரத்துக்கு ஏற்ற கட்டணம் என்றால் சனி ஞாயிறு முழுக்கக் குறைந்த விலைதான், காலையிலேயே போடலாம். ஒரு நாள் வேலைக்கு 30 யூனிட் என்று வையுங்கோ.

கதவு: ஒன்றரை அங்குல வெள்ளை ஃபோம் 112 சதுர அடிக்கு 6, 7 கிலோதான், மேலே வினைல் தாள் இருந்தால் கொஞ்சம் கூட. ஆனாலும் சமநிலை பாருங்கோ. கதவை மூடிவிட்டு மோட்டரின் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கழற்றி, கையால் இடுப்பளவு தூக்கி விடுங்கோ. நின்றால் சரி. கீழே இறங்கினால் ஸ்பிரிங்கை இறுக்க வேணும், அதைக் கதவுக்காரரிடம் விடுங்கோ. மேலே இருக்கிற முறுக்கு ஸ்பிரிங்கிலும் கதவின் கீழ் மூலைப் பிடியிலும் கை வைக்காதேங்கோ, கேபிளின் முழு இழுவையும் அதிலதான். ஃபோம் துண்டை அளவுக்கு அரை அங்குலம் கூட வெட்டி வளைத்து உள்ளே தள்ளினால் சட்டம் பிடித்துக்கொள்ளும். கீல்களுக்கு மேலால் ஒட்டினால் கதவு மடியும்போது கழன்று வரும்.

மூணாவது_வயர்

ஒரு சேர்க்கை. கழுவி முடித்துக் கதவை மூடும்போது அடி றப்பர் ஈரமாக இருந்தால் இரவில் ஹீட்டரை அணைத்ததும் தரையோடு உறைந்துவிடும். காலையில் பட்டனை அழுத்தினால் மோட்டார் றப்பரைக் கிழித்துக்கொண்டு தூக்கும், அல்லது தூக்க முடியாமல் நிற்கும். றப்பரைத் துடைத்து சிலிகான் ஸ்ப்ரே அடியுங்கள், தரை விளிம்புத் தண்ணீரை ஸ்க்வீஜியால் தள்ளிவிட்டு மூடுங்கள். கிரீஸ் போடாதீர்கள், றப்பர் ஊதிவிடும்.