ஜி.ஐ. குழாயை வெல்டிங் செய்த இரவில் குளிர்காய்ச்சல் வருவது ஏன்?

கேள்வி

வணக்கம். ஜி.ஐ. குழாய்களில் (துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் குழாய்கள்) மாடிப்படிக் கைப்பிடி செய்வதற்காகப் பகல் முழுவதும் ஆர்க் வெல்டிங் செய்தேன். வெண்புகை நிறைய எழுந்தது. வாயில் உலோகச் சுவை தட்டியதைத் தவிர அப்போது வேறு தொந்தரவு இல்லை. இரவில் பல் கிட்டும் அளவுக்கு நடுக்கமும் காய்ச்சலும் கண்டு, மறுநாள் மாலையில் தாமாகவே தணிந்தன. பால் குடித்துவிட்டு வேலை செய்தால் ஒன்றும் ஆகாது என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்வது சரியா? இன்னும் பாதி வேலை மீதமிருக்கிறது.

மறுமொழி 1

இதற்கு உலோகப் புகைக் காய்ச்சல் என்று பெயர். குழாயின் மேல்பூச்சான துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். இரும்பு உருகுவதற்கோ ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும். ஆகவே இணைப்பு இளகும் முன்பே பூச்சு ஆவியாகி, காற்றுடன் சேர்ந்து துத்தநாக ஆக்சைடாக மாறிவிடுகிறது. நீங்கள் பார்த்த வெண்புகையும், இணைப்பைச் சுற்றிப் பஞ்சு போலப் படிந்திருக்கும் வெள்ளைத் துகளும் அதுதான். சுவாசித்துச் சில மணி நேரம் கழித்தே நடுக்கம் தொடங்கும் என்பதால், பலர் இதைச் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று நினைத்துவிடுகிறார்கள்.

புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு. எனவே பால் இதைத் தடுக்காது. தொடர்ந்து சில நாள் இந்தப் புகையில் வேலை செய்பவருக்குக் காய்ச்சல் வராமலும் போகலாம். ஆனால் வார விடுமுறைக்குள் அந்தத் தாங்குதிறன் மறைந்துவிடுவதால், இதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றும் அழைப்பதுண்டு. "உடம்பு பழகிவிட்டது" என்ற பேச்சை அதனால் நான் மதிப்பதில்லை.

மீதி வேலையில், இணைப்பின் இருபுறமும் இரண்டு அங்குலமாவது பூச்சைத் தேய்த்து நீக்கிவிட்டு வெல்டிங் செய்யுங்கள். குழாயின் உட்பக்கப் பூச்சை அவ்வாறு நீக்க முடியாது. குழாயின் வாய் வழியே அந்தப் புகை வந்துகொண்டுதான் இருக்கும். கைக்குட்டையோ துணி முகமூடியோ அதைத் தடுக்காது. வெல்டிங் கவசத்துக்குள் அடங்கும், நுண்துகள்களைத் தடுக்கும் பி100 ரக வடிகட்டி பொருத்திய அரைமுக முகமூடி வேண்டும்.

மறுமொழி 2

பூச்சைத் தேய்க்க, கிரைண்டரில் மாட்டியிருக்கும் மெல்லிய கட்டிங் வீலையே சாய்த்துப் பிடிப்பவர்கள் அதிகம். பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்காமல் அது உடைந்து சிதறும். உப்புத்தாள் இதழ்கள் அடுக்கிய ஃபிளாப் டிஸ்க் என்ற தேய்ப்பு வட்டை மாட்டிக்கொள்ளுங்கள், காவல் மூடியையும் கழற்றாதீர்கள். மின்விசிறியை முதுகுக்குப் பின்னால் வைத்தால் முகத்தின் முன்னே காற்று சுழன்று புகையை அங்கேயே நிறுத்திவிடும். பக்கவாட்டில் வைத்து, புகை எழும் பாதைக்கு மேல் தலையைக் குனியாமல் வேலை செய்யுங்கள்.

கேட்டவர்

நன்றி. பழைய தாங்கிகளில் பொன்னிறப் பூச்சுள்ள போல்ட்டுகள் துருவேறி இறுகிவிட்டன. அவற்றைக் கேஸ் கட்டரால் வெட்டி எடுக்கலாமா?

மறுமொழி 1

வேண்டாம். அந்த நிறம் துத்தநாகப் பூச்சிலும் வரும், காட்மியம் என்ற நச்சு உலோகப் பூச்சிலும் வரும். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய இயலாது. காட்மியம் புகையும் முதலில் இதே காய்ச்சலைப் போலத்தான் தொடங்கும், ஆனால் நுரையீரலில் நீர் கோத்து உயிரையே பறிக்கக்கூடும். துரு நீக்கும் எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, ஸ்பானரால் கழற்றிப் பாருங்கள். அசையவில்லை என்றால் நட்டைப் பிளக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். எப்போதாவது காய்ச்சலுடன் மூச்சுத் திணறலோ நெஞ்சு இறுக்கமோ சேர்ந்தால், காலை வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் சென்று, எந்த உலோகத்தில் வேலை செய்தீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.